வசனத்தில் இல்லாத மாமா

பொம்மை மிஸ் என்று கேட்டால் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாட்ச்மேன்கூட வழி சொல்வார். அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்த பதவிப் பெயர் ஒன்று உண்டு; முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு கையில் குட்டி முயல், மறு கையில் அம்மா முயல் என்று துணிப் பொம்மைகளை மாட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவது அவள் வேலை. பெரியவர்கள் குழந்தைகளை எங்கே தொடக்கூடாது, தொட்டால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துவாள். நன்றாகவே நடத்துவாள். பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பாடத்தின் நடுவில் ஒரு குட்டி நாடகம் வரும். குட்டி முயல் அம்மா முயலிடம் வந்து, "அம்மா, சித்தப்பா என்னைத் தொட்டாரு. எனக்குப் பிடிக்கல. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு" என்று சொல்லும். அம்மா முயல், "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன்மேல தப்பே இல்ல" என்று கட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. போன வருஷம் ஒரு பள்ளியில் பெற்றோர்கள் சிலர் குதியோ குதி என்று குதித்தார்கள். சித்தப்பா என்று சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு வீட்டுக்கு வருகிற சித்தப்பாவைப் பிள்ளைகள் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று கேட்டார்கள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: உறவு முறை எதுவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சங்கம் கிங்கம் எதுவும் இல்லாததால் அவர்கள் பக்கமிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை.

அது பித்தலாட்டம் என்று அவளுக்குத் தெரியும். பெற்றோர் கூட்டங்களில் அவளே சொல்லியிருக்கிறாள்: கெடுதல் செய்கிறவர் பெரும்பாலும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்தான், குழந்தை நம்புகிற ஆள்தான் என்று. இருந்தும் மாற்றிக்கொண்டாள். ஒரு வார்த்தைக்காகப் பாடமே நின்றுபோய்விடக் கூடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேலையும் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பள்ளிக்கும் போவதற்கு முன் வீட்டில் ஒத்திகை நடக்கும். குட்டி முயல் வேஷம் அவள் மகனுக்கு. ஒன்பது வயசு. வீட்டில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். சொன்னதைச் சொன்னபடி ஞாபகம் வைத்துக்கொண்டு, ஆறு மாசம் கழித்து, "நீ அன்னிக்கு இப்படித்தானே சொன்னே" என்று அப்பனை மடக்குகிற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது. பஸ் ஓட்டிவிட்டு அலுத்துப்போய் வருகிற அப்பன், "உன்கிட்ட வாயைக் குடுத்து நான் மீள முடியாதுடா சாமி" என்று கையெடுத்துக் கும்பிடுவான். ஒத்திகையில் அம்மா ஒரு வரியை விட்டால் முயலே எடுத்துக் கொடுக்கும்.

பள்ளி விட்டதும் வக்கீல் மாமா வீட்டுக்குப் போவான். மாமா என்றால் பொம்மை மிஸ்ஸின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இருந்துகொண்டு, முன்னறையில் பழுதான கம்ப்யூட்டர்களைப் பரப்பிப்போட்டுச் சரிபண்ணிக் கொடுக்கிறவன். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, படிக்க வைத்தவள் அவள்தான். தம்பி என்பதைவிட மூத்த பிள்ளை என்றே நினைத்திருந்தாள். அதிர்ந்து பேச மாட்டான், யார் உதவி கேட்டாலும் ஓடிவருவான். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அந்த வருஷம் வக்கீல் மாறித்தான் போயிருந்தான். விட்டுப்போன பழக்கம் திரும்பி வந்து படுக்கையை நனைத்தான். குளிக்கிற அறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டான். எதிரே நிற்கிறவர் கையைத் தூக்கினால் துள்ளி விலகினான். இதையெல்லாம் கவனியுங்கள் என்று ஊரார் வீட்டு அம்மாக்களுக்கு விரல் மடக்கிச் சொல்கிறவள் அவள். தன் வீட்டில் பார்த்தபோது, பரீட்சை பயம், வளர்கிற வயசு, தண்ணீர் அதிகம் குடிக்கிறான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். கண் இருந்தது, பார்வை வேலைக்குப் போயிருந்தது.

ஒரு சாயங்காலம் ஒத்திகை. அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா முயலின் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வக்கீல் குட்டி முயலைக் கையில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான். அவன் முறை வந்தது.

"அம்மா, மாமா என்னைத் தொட்டாரு. எனக்குப் பிடிக்கல. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

அவள் நிமிரவில்லை. "மாமா இல்லடா. பக்கத்து வீட்டுக்காரர். சித்தப்பா, மாமா ஒண்ணுமே வேணாம்னு சொல்லிட்டாங்கல்ல. கூட்டத்துல யாராவது பிடிச்சுக்குவாங்க. திரும்பச் சொல்லு."

முயல் அசையாமல் இருந்தது.

"சொல்லுடா, நேரமாவுது. வாய்க்குள்ளயே முணுமுணுக்காம சத்தமா."

"அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தொட்டாரு," என்றான் வக்கீல். மிச்சத்தையும் சொன்னான். குரல் தெளிவாக இருந்தது.

"நீ சொன்னது ரொம்ப நல்லது. உன்மேல தப்பே இல்ல," என்று அவள் வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள். ஈரக் கையோடு கையும் தட்டினாள். அவன் முயலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுவாரம் வேறொரு பள்ளி. கூடம் நிறையப் பிள்ளைகள். குட்டி முயலாக நடிக்க ஒரு சிறுமி மேடைக்கு வந்தாள். பாதி வசனத்தில் மறந்துபோய்விட்டது. கூரையைப் பார்த்தாள், நாக்கைக் கடித்தாள், களுக்கென்று சிரித்தாள், கூடமே சேர்ந்து சிரித்தது. "பக்கத்து வீட்டு... யாரோ ஒருத்தர் மிஸ்" என்றாள். பொம்மை மிஸ்ஸும் சிரித்தாள். மறதி என்றால் இப்படித்தான் இருக்கும், பிள்ளைகள் மறந்தால் சிரிப்பார்கள். என் பிள்ளை இப்படி மறந்ததே கிடையாது என்று பெருமையாக நினைத்தாள்.

நினைத்தவுடன் தூக்கிவாரிப் போட்டது.

மறந்ததே கிடையாது. மாமா என்ற சொல் பழைய வசனத்திலும் இல்லை, புது வசனத்திலும் இல்லை. அவன் சிரிக்கவும் இல்லை. கையில் மாட்டிய அம்மா முயல் மேடையில் வாயைத் திறந்தபடி நின்றது. அடுத்த வரி அவளுக்கு வரவில்லை. "என்ன மிஸ், மயக்கமா?" என்று ஒரு ஆசிரியை தண்ணீர் கொண்டுவந்தார். பள்ளிகள் விடுகிற நேரம். வக்கீல் இப்போது எங்கே போய்க்கொண்டிருப்பான் என்பது நினைவுக்கு வந்ததும், பொம்மைகளை அங்கேயே போட்டுவிட்டு அவள் தெருவுக்கு ஓடினாள்.

அவன் உள்ளே போயிருக்கவில்லை. தம்பி வீட்டுக்கு எதிரே, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில், வெயிலில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். திட்டப்போகிறாள் என்று நினைத்த முகம் அது.

தம்பி வாசலுக்கு வந்தான். "என்னக்கா, இன்னிக்குச் சீக்கிரம்? காபி போடட்டுமா?"

எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு. அதில் வித்தியாசமாக ஒன்றுமே இல்லை. அவள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், அவன் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டாள். "அன்னிக்கு ஒத்திகையில மாமான்னு சொன்னியே. அது நம்ம மாமாவா?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"நிஜமாவா?"

வாயிலிருந்து விழுந்தபிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. இதைமட்டும் கேட்காதீர்கள், உயிர் போனாலும் கேட்காதீர்கள் என்று எத்தனை கூட்டத்தில் கத்தியிருக்கிறாள். பெற்ற பிள்ளையிடம் முதல் கேள்வியாக அதையே கேட்டாள். வக்கீலின் முகம் மூடிக்கொண்டது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இல்ல, நான் கேட்டது தப்பு. நீ சொன்னா அது நிஜம்தான். நான் நம்பறேன்," என்றாள். "நீ ஒண்ணுமே தப்பு பண்ணல. இனிமே நீ அங்க போக வேணாம்."

"அழாத," என்றான் அவன். "நீ அழுதா நான் சொல்ல மாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கொஞ்சம் சொன்னான். கதவைச் சாத்துவதைச் சொன்னான். சொன்னால் அம்மா செத்துப்போயிடுவா என்று மாமா மிரட்டியதைச் சொன்னான். சொல்ல முடியாத இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் தூண்டித் துருவவில்லை. அந்த ஒன்றையாவது அன்று ஒழுங்காகச் செய்தாள்.

வேலை முடிந்து வந்த கணவனிடம் சமையலறையில் வைத்துச் சொன்னாள். அவன் கழற்றி மாட்டியிருந்த சட்டையைத் திரும்ப எடுத்தான். "இன்னிக்கு அவனை ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடமாட்டேன்."

"நீ அவனை அடிச்சு ஜெயிலுக்குப் போனா, தன்னாலதான் அப்பா போனாருன்னு பையன் நினைப்பான்."

அவன் அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். "பையன் அவன் வீட்டுல பத்திரமா இருக்கான்னு நினைச்சுத்தானேடி நான் நிம்மதியா வண்டி ஓட்டினேன்."

தொலைபேசி அடித்தது. தம்பிதான். பையன் ஏதோ உளறியிருப்பான் என்று அவனே ஊகித்திருந்தான். குரல் பதறவேயில்லை. "அக்கா, நீ வீட்டுல தினமும் அந்த டிராமாவை நடத்தறே. சின்னப் பையன், அதையே திருப்பிச் சொல்றான். பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்ற இடத்துல என் பேரைப் போட்டிருப்பான். இதை வெளிய சொன்னா யாருக்கு அசிங்கம், யோசி. பொம்மை மிஸ் வீட்டுலயே இப்படின்னு ஊரு சிரிக்கும். உன் வேலை இருக்குமா?"

அவள் போனை வைத்துவிட்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: அவன் சொல்வதற்கு முன்பே அவள் அதை யோசித்திருந்தாள். தம்பி வீட்டிலிருந்து நடந்து வந்த வழியெல்லாம், மகன் கை தன் கைக்குள் இருக்கும்போதே, அலுவலகத்தில் என்ன பேசுவார்கள் என்று ஒரு ஓரத்தில் மனம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி வளர்ந்தது தன் மடியில் என்றும் ஓடியது. கணவனிடம் மெல்லக் கேட்டாள். "நமக்குள்ளயே முடிச்சுக்கலாமா? அவனை ஊரை விட்டுப் போகச் சொல்லிடலாம்."

கணவனும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான் என்று அவன் குனிந்த தலை சொன்னது.

அறைக்குள்ளிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தான். "நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நான் எங்க போகணும்?"

இரண்டு பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊரை விட்டுப் போகிறவன் போகிற ஊரில் வேறொரு அக்கா இருப்பாள், அவளுக்கும் பிள்ளை இருக்கும். இதையும் அவள் பாடத்தில் சொல்வதுண்டு. "நாளைக்கு ஸ்கூல் வேணாம்," என்றாள். "நாம ஒரு இடத்துக்குப் போறோம்."

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்கு எல்லோரையும் தெரியும். அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. படியேறும்போதே இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி அவளோடு எத்தனையோ கூட்டங்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். "வாங்க மிஸ், எந்த ஸ்கூல் பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டபடி எழுந்தார்.

"என் பையன்," என்றாள்.

அதிகாரி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை அதிகமாகக் கேட்கவில்லை. அந்த மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது, கூனிக்குறுகிப் போனாள். சின்ன அறை, ஜன்னலில் பச்சைத் திரை, தாழ்வான நாற்காலிகள். அம்மா பக்கத்தில் இருக்கட்டுமா, வெளியே இருக்கட்டுமா என்று அதிகாரி வக்கீலிடமே கேட்டார். பக்கத்திலேயே இருக்கட்டும் என்றான். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அதிகாரி அவசரப்படுத்தவில்லை. வக்கீல் கேட்டதற்குமட்டும் சொன்னான், விரலால் நாற்காலியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே. பிறகு அவர் கேட்டார். "இதை முன்னாடி யார்கிட்டயாவது சொன்னியா கண்ணா? சொல்லலைன்னாலும் பரவாயில்ல. அது தப்பில்ல."

வக்கீல் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ.

"இல்ல. யார்கிட்டயும் சொல்லல."

எதையும் மறக்காத பிள்ளை. பெற்றவளைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு ஒன்பது வயசுப் பிள்ளை பொய் சொல்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பொம்மை மிஸ் பாவம், அவளுக்கே தெரியாமல் நடந்துவிட்டது என்று நாலு பேர் இரக்கப்படுவார்கள். அலுவலகத்தில்கூடத் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். ஆனால் நாளைக்குத் தம்பி வந்து, டிராமா வசனத்தைத்தான் ஒப்பிக்கிறான், முன்னாடி யாரிடமும் சொன்னதில்லை என்று அவனே சொல்லியிருக்கிறான் பாருங்கள் என்று நிற்பான். பிள்ளையின் பொய் பிள்ளையின் கழுத்தைத்தான் பிடிக்கும்.

"சொன்னான் மேடம்," என்றாள். "என்கிட்டத்தான் சொன்னான். என்னைக் காப்பாத்த இல்லங்கறான்."

"எப்பச் சொன்னான்?"

"வீட்டுல ஒத்திகை பார்க்கும்போது. மாமா என்னைத் தொட்டாருன்னான். வசனத்துல மாமா எப்பவுமே கிடையாது. முன்ன சித்தப்பா, இப்பப் பக்கத்து வீட்டுக்காரர். உங்க கிட்டயே அந்தப் பாடம் இருக்கு, பார்த்துக்கலாம். இவன் ஒரு வரி தப்பாச் சொல்ற பையன் இல்ல. எனக்குத் தெரியும்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

அதிகாரி குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். பொம்மை மிஸ் தரையைப் பார்த்தாள். மண் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று மனிதர்கள் சொல்வது எதற்காக என்று அப்போது தெரிந்தது.

"திருத்தினேன். மாமான்னு சொல்லாதேன்னு திருத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்ல வச்சேன். சொன்னதும் கை தட்டினேன்."

வக்கீல் நாற்காலியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா செத்துப்போகவில்லை. உட்கார்ந்திருக்கிறாள், பேசுகிறாள்.

"அது ரெண்டாவது தடவைம்மா," என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"முதல் தடவை நீ மொட்டைமாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தே. நான் மாமா வீட்டுக்கு இனிமே போகலன்னு சொன்னேன். ஏன்னு கேளும்மான்னு சொன்னேன். நீ கிளிப்பை எடுத்துக் குடுன்னே. நான் எடுத்துக் குடுத்தேன். நீ கேக்கல."

மொட்டைமாடி, துணி, கிளிப். தோண்டித் தோண்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. எத்தனையோ துணி காயப்போட்ட நாட்களில் அதுவும் ஒன்றாகக் கரைந்துபோயிருந்தது. அப்படி நடக்கவே இல்லை என்று சொல்ல உடம்பு துடித்தது. அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள். "ஆனா அவன் சொன்னான்னா சொல்லியிருக்கான். அப்படியே எழுதிக்குங்க."

பிறகு மகன் பக்கம் திரும்பினாள். அவனைத் தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இப்பக் கேக்கறேன். ஏன் போகல?"

வக்கீல் தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டில் நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.